விலைக்கு வராத கடைசிக் கட்டம்

கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து மகளும் பேரனும் வந்திருந்தார்கள். நம்ம ஊர் மே மாத வெயில் உங்களுக்குத் தெரியும். மலையே அடுப்பாகிவிடும். பையனை வெளியே அனுப்ப முடியாது. செல்போனைப் பிடுங்கி வைத்தால் வீடு இரண்டாகிறது. கடைசியில் அவனே பெட்டியைத் திறந்து ஒரு விளையாட்டை எடுத்து வந்தான். அமெரிக்காவில் இருக்கும் அவன் சித்தப்பா வாங்கித் தந்த மோனோபோலி. கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் நாலு பேரும் உட்கார்ந்தோம். வீட்டம்மா சக்கர நாற்காலியில் இருப்பதால், அவளுக்கு எட்டும்படி அட்டையை ஸ்டூல் மேல் விரித்தோம்.

இரண்டாவது சுற்றிலேயே என் காய் அடர்நீலக் கட்டம் ஒன்றில் போய் நின்றது. "தாத்தா, போர்டுவாக்! 400 டாலர். இருக்கறதுலயே இதான் காஸ்ட்லி. வாங்கிடுங்க" என்றான் பேரன். நான் கணக்குப் பார்க்கிறவன். வேண்டாம் என்றேன். அடுத்த சுற்றில் அதை அவன் வாங்கினான். பக்கத்தில் இருக்கும் பார்க் பிளேஸையும் பிடித்தான். இரண்டிலும் வீடுகளாகக் கட்டிக் கடைசியில் சிவப்பு ஹோட்டலை வைத்தான். அதற்குப் பிறகு நான் அங்கே கால் வைத்தபோது வாடகை 2000 டாலர். ஆட்டம் தொடங்கும்போது தலைக்குக் கொடுப்பதே 1500தான். தாத்தா திவால்.

"ஏங்க, போர்டுவாக்குன்னா என்னா? ஏதாவது அரண்மனையா?" என்று வீட்டம்மா கேட்டாள். பேரன் "ஹோட்டல் பாட்டி" என்றான். மகள் "பீச் ரோடும்மா" என்றாள். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரியாததைத் தேடிப் படிப்பதைத் தவிர இந்த வயதில் வேறென்ன வேலை? பத்து நாள் படித்ததில் கிடைத்ததை எழுதுகிறேன். அமெரிக்காவில் ஆரம்பித்தாலும் நம்ம மலையடிவாரத்தில்தான் வந்து முடிப்பேன். கொஞ்சம் பொறுமையாகக் கூட வாருங்கள்.

போர்டு என்றால் பலகை, வாக் என்றால் நடை. கடற்கரை மணல்மேல் மரப்பலகைகளை அடுக்கிப் போட்ட நடைபாதை, அவ்வளவுதான். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நியூஜெர்சி மாநிலத்தில் அட்லாண்டிக் சிட்டி என்று ஓர் ஊர். ரயில் வந்த பிறகு பிலடெல்பியா நகரத்து ஜனங்கள் கோடைக்கு அங்கே குவிய ஆரம்பித்தார்கள். கடலில் குளித்துவிட்டு ஈரக் காலோடு வருவார்கள். ஹோட்டல் கூடத்துக் கம்பளத்தில் மணல், ரயில் பெட்டி இருக்கையில் மணல். ரயிலில் கண்டக்டராக இருந்த அலெக்சாண்டர் போர்டுமேன் என்பவரும், ஜேக்கப் கைம் என்ற ஹோட்டல்காரரும் சேர்ந்து ஊர் நிர்வாகத்திடம் ஒரு யோசனை சொன்னார்கள். மணல்மேல் பலகை போட்டுவிட்டால் ஜனங்கள் அதில் நடப்பார்கள், மணல் அங்கேயே உதிர்ந்துவிடும் என்றார்கள். 1870 ஜூன் 26ஆம் தேதி பாதை திறக்கப்பட்டது. ஒரு மைல் நீளம். குளிர்காலம் வந்தால் பலகைகளைக் கழற்றி எடுத்து வைத்துவிடுவார்கள். அடுத்த கோடையில் மறுபடி போடுவார்கள்.

கம்பளம் அழுக்காகாமல் இருக்கப் போட்ட பலகையில் ஜனங்கள் நடந்து பார்த்தார்கள். எங்கும் போகவேண்டிய அவசியம் இல்லாமல், கடலைப் பார்த்துக்கொண்டு மேலும் கீழும் நடப்பதே ஒரு சுகம் என்று கண்டுகொண்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? மிட்டாய்க் கடை வந்தது, ராட்டினம் வந்தது, நாடகக் கொட்டகை வந்தது. 1889இல் ஒரு பெரும்புயல் பாதையைப் பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். 1896இல் இரும்புச் சட்டத்தின்மேல் பலகை பதித்து நிரந்தரமாகப் போட்டார்கள். இன்று அந்த ஊருக்குள் மட்டும் சுமார் நாலு மைல் நீளத்துக்கு அது போகிறது. 1921இல் மிஸ் அமெரிக்கா அழகிப் போட்டியும் அங்கேதான் பிறந்தது. கோடை முடிந்த பிறகும் ஜனங்களை ஊரில் இருத்தி வைக்கச் செய்த வியாபார உத்தி அது.

இனி விளையாட்டின் கதை. மோனோபோலியைக் கண்டுபிடித்தவர் சார்லஸ் டாரோ என்ற வேலையிழந்த மனிதர் என்றுதான் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அவரிடமிருந்து வாங்கி வெளியிட்டது, அவரும் பணக்காரரானார். ஆனால் அதற்கு 31 வருடம் முன்பே, 1904இல், எலிசபெத் மேகி என்ற பெண்மணி இதன் மூல வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அவர் வைத்த பெயர் 'நிலச்சுவான்தார் ஆட்டம்'. நிலத்தை ஒருவரே வளைத்துப் போட்டால் மற்றவர்கள் எப்படி வாடகை கொடுத்தே அழிகிறார்கள் என்று ஜனங்களுக்குப் புரியவைக்கத்தான் அந்த அம்மாள் அதைச் செய்தார். ஆட்டம் கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் போனது. அட்லாண்டிக் சிட்டியில் இருந்த குவேக்கர் சமயத்தார் தங்கள் ஊர்த் தெருக்களின் பெயரைக் கட்டங்களுக்கு வைத்தார்கள். டாரோ கைக்கு வந்தது அந்த வடிவம்தான். மேகி அம்மாளுக்கு அந்த நிறுவனம் கொடுத்தது 500 டாலர். பேராசை கெட்டது என்று சொல்ல வந்த விளையாட்டு, பேராசையைக் கற்றுக்கொடுக்கும் விளையாட்டாக வீடு வீடாகப் போனது. என் பேரனைப் பார்த்தாலே தெரிகிறதே!

ரசிகர்கள் என்றால் சினிமாவுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். 1970களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் சிட்டியில் இரண்டு தெருக்களின் பெயரை மாற்ற ஒரு யோசனை வந்தது. பால்டிக், மெடிடரேனியன் என்ற அந்த இரண்டும் விளையாட்டில் மிக மலிவான கட்டங்கள். உடனே எங்கெங்கோ இருந்த மோனோபோலி ரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த ஊரையே பார்த்திராதவர்கள்கூட, 'எங்கள் தெருப் பெயரை மாற்றாதே' என்றார்கள். யோசனை கைவிடப்பட்டது. இன்றைக்கும் போர்டுவாக்கும் பார்க் பிளேஸும் சந்திக்கிற முனையைத் தேடிப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

சிறுவயதில் எங்கள் தெருவில் இதன் தம்பியை விளையாடியிருக்கிறோம். 'ட்ரேட்' என்று பெயர். பம்பாய், கல்கத்தா, டில்லி, மதராஸ் என்று கட்டங்கள். எங்கள் பெட்டியில் பம்பாய்க்குத்தான் விலை அதிகம். 'நம்ம ஊரு ஏண்டா இல்ல?' என்று சண்டை போட்டு, ஒருநாள் என் நண்பன் ஒரு கட்டத்தின்மேல் காகிதம் ஒட்டித் 'திருவண்ணாமலை' என்று எழுதிவிட்டான். விலை என்ன போடுவது என்று மாலை முழுக்கத் தகராறு. ஒருவன் பம்பாயைவிட ஒரு ரூபாய் அதிகம் என்றான். இன்னொருவன், சாமி ஊரை விற்கக்கூடாது என்றான். கடைசியில் விலை போடாமலே ஆடினோம். அதில் யார் வந்து நின்றாலும் வாடகை இல்லை.

அதைவிடப் பழைய ஆட்டம் ஒன்று நம் வீடுகளில் இருந்தது. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்கப் பரமபதம் ஆடுவோமே, அதுதான். தாயக்கட்டையை உருட்டி, ஏணியில் ஏறி, பாம்பிடம் கடி வாங்கி, கீழே வந்து, மறுபடி ஏறுவோம். பேரனோடு ஆடிய அன்று இரண்டு அட்டைகளையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மோனோபோலியில் சுற்றின் கடைசிக் கட்டம் போர்டுவாக். பரமபதத்தின் கடைசிக் கட்டம் பரமபதம். முன்னதை வாங்கி, மற்றவன் வந்தால் வசூல் செய்யலாம். பின்னதை யாரும் வாங்க முடியாது. போய்ச் சேரத்தான் முடியும், எனக்கு முன்னால் நீ போனாலும் எனக்கு இடம் குறையாது.

வேடிக்கை என்னவென்றால், நிஜ போர்டுவாக்கும் பரமபதம் மாதிரிதான். அதை யாரும் வாங்க முடியாது, அது ஊருக்குப் பொதுவான வழி. அதன் ஓரத்தில் ஹோட்டல் கட்டினவர்கள் எத்தனையோ பேர். 1978இல் சூதாட்ட விடுதிகள் வந்தன. 2014ஆம் ஆண்டில் மட்டும் நாலு விடுதிகள் மூடப்பட்டன. ஆட்டத்தில் ஹோட்டல் வைத்தவன் ஜெயிப்பான். நிஜத்தில் ஹோட்டல்கள் போய்விட்டன, பலகை இருக்கிறது. ஜனங்கள் காசு கொடுக்காமல் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆனால் 'ஜனங்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. எந்த வழியைப் பற்றி எழுதினாலும் அதில் யார் நடக்க முடிந்தது, யார் முடியவில்லை என்று கேட்டால்தான் வரலாறு. 1880களில் அந்தப் பலகைப் பாதைக்குச் சக்கர நாற்காலிகள் வந்தன. நோயாளிகளும் நடக்க முடியாதவர்களும் கடல் காற்று வாங்க வாடகைக்கு விட்ட நாற்காலிகள். கொஞ்ச காலத்தில் நன்றாக நடக்கக்கூடிய பணக்காரர்களே அதில் ஏறி உட்கார்ந்து பவனி போக ஆரம்பித்துவிட்டார்கள். அது அந்த ஊரின் அடையாளமே ஆகிவிட்டது. அந்த நாற்காலிகளைத் தள்ளியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளிகள். அவர்கள் அதே கடலில் வெள்ளைக்காரர்களோடு குளிக்க முடியாது. மிசௌரி அவென்யூ பக்கம் தனியாக ஒதுக்கிய கரைக்குத்தான் போக வேண்டும். 1960கள் வரை அப்படித்தான் இருந்தது. பலகை எல்லோருக்கும் பொது, கடல் பொது இல்லை!

நாற்காலி என்று படித்ததும் என் கண் கூடத்து மூலைக்குப் போனது. இனி நம்ம ஊருக்கு வருவோம்.

நடப்பதற்காகவே ஒரு பாதை, எங்கும் போய்ச் சேராமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் பாதை என்றால் உலகத்துக்கே நாம்தான் உதாரணம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள், நடுவில் அடி அண்ணாமலை, குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார். உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1896இல் வந்து சேர்ந்த ரமண மகரிஷி 1926 வரை இதில் நடந்தார். நிறைமாதக் கர்ப்பிணி போல மெல்ல நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மலையை ஒட்டிய பக்கத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு நாம் இடது ஓரமாக நடக்க வேண்டும் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாதவருக்கும் இடம் விட்டு நடக்கச் சொன்ன பாதை இது.

என் வயதுக்காரர்கள் அறுபதுகளின் பாதையை நினைத்துப் பாருங்கள். புளியமர நிழல், காலில் கப்பி, மாட்டு வண்டித் தடம். செங்கம் சாலையிலிருந்து பிரிந்துவிட்டால் இருட்டு. நிலா இல்லாத நாளில் டார்ச் லைட்டைக் கீழே அடித்துப் பாம்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் கால் வைப்போம். பௌர்ணமிக்கே சில நூறு பேர்தான். எதிரில் வருகிறவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். பாதி வழியில் மண்டபத்தில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவோம்.

தொண்ணூறுகளில்தான் எல்லாம் மாறியது. 1989இல் நாம் தனி மாவட்டம் ஆனோம். பஸ் பெருகியது, பத்திரிகைகளில் கட்டுரைகள் வந்தன, பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரத் தொடங்கியது. ரஜினிகாந்த் கிரிவலப் பாதைக்கு விளக்குகள் அமைத்துத் தந்தார். 'அண்ணாமலை' படம் 1992, 'அருணாச்சலம்' 1997. ரசிகர்களுக்கு இரண்டு பெயரும் நம்ம சாமி பெயர்தான் என்பதே போதுமானதாக இருந்தது. தலைவர் நடந்த பாதை என்று வேலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பையன்கள் வருவார்கள். அவருக்கு உடம்பு சரியில்லாதபோது அவருக்காகச் சுற்றியவர்களும் உண்டு. நான் முதலில் முகம் சுளித்தவன்தான். 'பக்திக்கு வரானா, படத்துக்கு வரானா?' என்று வீட்டம்மாவிடம் புலம்புவேன். "எதுக்கு வந்தா என்னாங்க, இருட்டுல வெளக்கு வந்துதில்ல? பொம்பளைங்க பயமில்லாம நடக்கறோம்" என்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வெளிச்சம் வந்த பிறகுதான் பெண்கள் தாங்களாகவே குழுவாகச் சேர்ந்து ராத்திரியில் சுற்ற ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் ஆம்பளைத் துணை இல்லாமல் எந்த வீட்டில் அனுப்பினார்கள்? என் வீட்டில் நான் அனுப்பினேனா? இல்லை.

பிறகு தார் ரோடு, ஓர நடைமேடை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை என்று ஒவ்வொன்றாக வந்தன. சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டும் பேச்சு வந்தபோது ஊர் கொந்தளித்தது. பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன். தார் சூட்டில் வெறுங்காலோடு நடந்தவனுக்குத்தான் மர நிழலின் விலை தெரியும். கோயிலுக்குள் வெயில் காலத்தில் கருங்கல் தளத்தின்மேல் தேங்காய் நார் விரிப்புப் போடுகிறார்களே, அதுதான் நம்ம ஊர்ப் பலகைப் பாதை. அவர்கள் மணலுக்காகப் போட்டார்கள், நாம் சூட்டுக்காகப் போட்டோம்.

வீட்டம்மா இருபத்தைந்து வருடம் பௌர்ணமி தவறாமல் சுற்றியவள். நான் பாதி மாதம் சாக்குச் சொல்லிவிடுவேன். மூட்டு வலி வந்தும் விடவில்லை, அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம் ஆனாலும் சுற்றி முடிப்பாள். 2019இல் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது பெரிய விஷயம். பேச்சு முழுக்கத் திரும்பியது, இடது கால் திரும்பவில்லை. ஆட்டோவில் சுற்றலாம் என்று மகள் பலமுறை கூப்பிட்டாள். "உக்காந்துகினு சுத்தறது வலமா? நடக்க முடியலன்னா வீட்லயே இருந்து மலையப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு பௌர்ணமி ராத்திரிகளில் வாசல் பக்கம்கூட வரமாட்டாள். தெருவில் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்கும், ஜன்னலைச் சாத்தச் சொல்வாள். அப்போதெல்லாம் நானும் போகவில்லை. அவளுக்காகப் போகவில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், தனியாகச் சுற்றிவிட்டு வந்து அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

2024 பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனோம். மறுநாள் சாயங்காலம் மகள் எங்களை மெரினாவுக்கு அழைத்துப் போனாள். மெரினா என்ற பெயர் வைத்தவர் கவர்னர் கிராண்ட் டஃப். 1880களில் கடலோரமாக உலாவும் சாலை அமைத்தபோது வைத்த இத்தாலியப் பெயர். அந்தக் காலத்தில் கடல் சாலைக்குப் பக்கத்திலேயே இருந்ததாம். 1870களில் துறைமுக வேலை தொடங்கிய பிறகு தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து கடல் தள்ளிப் போனது. எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்து அவர் கைக்கடிகாரச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் ரசிகர்களை அங்கே எல்லோரும் பார்த்திருப்போம். ஆனால் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு மெரினா என்றால் தூரத்தில் ஒரு நீலக்கோடுதான். மணலில் சக்கரம் ஓரடி போகாது.

மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்காகப் பேசுகிறவர்களும் பல வருடம் கேட்டார்கள். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டி மட்டும் தற்காலிகமாகப் பாதை போடுவார்கள். அட்லாண்டிக் சிட்டியில் கோடைக்கு மட்டும் பலகை போட்ட கதைதான். 2022 நவம்பர் 27ஆம் தேதி விவேகானந்தர் இல்லம் எதிரில் நிரந்தரமான மரப்பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் வந்து கடலோரப் பகுதியைப் பிய்த்துப் போட்டது. 1889இல் அங்கே நடந்தது இங்கேயும் நடந்தது. அங்கே மறுபடி கட்டியது போல இங்கேயும் சரி செய்தார்கள்.

விவேகானந்தர் இல்லம் என்பது பழைய ஐஸ் ஹவுஸ். 1840களில் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்து வைத்த கட்டடம். அமெரிக்காவின் ஐஸ் வந்து இறங்கிய அதே இடத்தின் எதிரில், நூற்றெண்பது வருடம் கழித்து அமெரிக்காவில் பிறந்த பலகைப் பாதையும் வந்து சேர்ந்திருக்கிறது. இதை அன்று நான் அறியேன். இப்போது படிக்கையில்தான் தெரிந்தது.

அன்று தெரிந்ததெல்லாம் பலகையில் சக்கரம் உருளும் சத்தம்தான். தடதட என்று ரயில் பெட்டி போல ஒரு சத்தம். பாதை நெடுகக் கூட்டம். நன்றாக நடக்கக்கூடிய இளவட்டங்கள் கைப்பிடியில் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பணக்காரர்கள் நோயாளிகளின் நாற்காலியில் ஏறிக்கொண்ட கதை இங்கேயும்! 'கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க' என்று நான் சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிச்சை கேட்பது போல இருந்தது. எங்களுக்கு முன்னால் இன்னொரு நாற்காலியில் ஓர் இளைஞன் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனான். அவன் கெஞ்சவில்லை. "இது எங்க ரோடுங்க, நீங்க மணல்ல நடங்க" என்றான் சிரித்துக்கொண்டே. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. அவன் பின்னாலேயே நாங்களும் போனோம்.

பலகை முடியும் இடத்தில் தடுப்பு. அதற்கப்பால் கொஞ்சம் ஈர மணல், பிறகு அலை. மகளும் மருமகனும் நாற்காலியைத் தூக்கி ஈர மணலில் இறக்கினார்கள். முதல் அலை வந்து திரும்பியது. இரண்டாவது அலை அவள் பாதத்தை மூடியது. "எடது காலும் ஜில்லுன்னுது" என்றாள். டாக்டர்கள் உணர்ச்சி குறைவு என்று சொன்ன கால். உண்மையில் தெரிந்ததா, ஆசையில் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

ராத்திரி உறவுக்காரர் வீட்டில் படுத்திருக்கும்போது இருட்டில் அவள் குரல் வந்தது. "ஏங்க, தூங்கிட்டீங்களா? நாற்காலில போயி கடல்ல காலு நனைச்சா அது நனைச்சதுதானே?" ஆமாம் என்றேன். "அப்போ மலையும் சுத்தலாம் இல்ல?"

மார்ச் மாதம், கூட்டமில்லாத ஒரு வார நாள், விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். நான், மருமகன், பக்கத்து வீட்டுப் பையன், மூன்று பேர் மாறி மாறித் தள்ளினோம். நடைமேடையில் ஏற்றினால் குறுக்குச் சந்து வரும் இடமெல்லாம் ஒரு படி இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். அரை அடிதான். நடக்கிறவன் கண்ணுக்கே தெரியாத அரை அடி. நாற்பது வருடத்துக்கு மேல் நடந்த பாதையில் அந்தப் படிகளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கடைசியில் ரோட்டோரமாகவே தள்ளிக்கொண்டு போனோம். எமலிங்கம் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. அடி அண்ணாமலையில் டீ குடித்தோம். இடுக்குப் பிள்ளையாரை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு, "நீ இடுக்குலயே இரு, நான் அகலமா போறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். ஈசான்ய லிங்கம் வரும்போது மணி பத்து. தார் சூடேறி எங்கள் பாதம் பொரிந்தது. அவள் மட்டும்தான் களைப்பில்லாமல் வந்தாள்.

இதையெல்லாம் பேரனுக்குச் சொன்னேன். பலகைப் பாதை, ஐஸ், மேகி அம்மாள், எல்லாம். கேட்டுவிட்டு, "அப்போ மோனோபோலியில போர்டுவாக்குக்கு வாடகை வாங்கறது தப்பா தாத்தா?" என்றான். ஆட்டத்தில் தப்பில்லை, ஊரில்தான் தப்பு என்றேன். மறுநாள் ஆடியபோது என் காய் அந்த அடர்நீலக் கட்டத்தில் போய் நின்றது. 2000 டாலரைக் கணக்காக எண்ணி வாங்கிக்கொண்டான். பாட்டி வந்து நின்றபோது மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

கிரிவலப் பாதையில் முதலில் விளக்கு எரிந்த ராத்திரி நினைவிருக்கிறவர்கள் எழுதுங்கள். எந்த வருடம் என்பதில் எனக்கும் வீட்டம்மாவுக்கும் இன்னும் தகராறு தீரவில்லை. இன்னொரு விஷயம். நடைமேடையில் எந்தெந்தச் சந்தில் படி இருக்கிறது என்று நானும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த இடங்களில் கொஞ்சம் சிமெண்டு பூசிச் சரிவாக்கினால் போதும். முடிந்ததும் எழுதிக் கொடுக்க வேண்டியவர்களிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். ஆடி மாதம் ஒரு நாள் அவளை அழைத்துக்கொண்டு மறுபடி சுற்றப் போகிறோம். அதே விடியற்காலை நாலு மணி. வர முடிந்தவர்கள் வாருங்கள். நாற்காலி தள்ள இன்னொரு கை இருந்தால் நல்லது.